தப்பி ஓட நினைக்கிற கதாபாத்திரங்கள்: யாராவது போய்ச் சேர்ந்தார்களா?

#1 இரவுப்பணி

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். இழை தொடங்குவது இதுவே முதல் தடவை.

எனக்கு இரவு ஷிஃப்ட். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சர்வர்களைக் கண்காணிக்கிற வேலை. திரையில் சிவப்பு வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் பதில் போயாக வேண்டும். காலை நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்பும் கேபில் படிப்பது பழக்கம். போன மாதம் அப்படிப் படித்து முடித்தது ஜார்ஜ் ஆர்வெல் 1939இல் வெளியிட்ட 'கமிங் அப் ஃபார் ஏர்'. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் மூச்சு வாங்க மேலே வருவான் இல்லையா, அதுதான் தலைப்பு.

ஜார்ஜ் பௌலிங்குக்கு 45 வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, தொந்தி, புதிதாக மாட்டிய பொய்ப்பல் செட். லண்டன் புறநகரில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறான். குதிரைப் பந்தயத்தில் 17 பவுண்ட் விழுகிறது. மனைவியிடம் சொல்லாமல் பதுக்கி வைத்து, அதை எதில் செலவழிப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்கிறான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சின்ன வயதில் மீன் பிடித்த ஊருக்குப் போய்த் திரும்பவும் தூண்டில் போட வேண்டும், அவ்வளவுதான். அலுவலக வேலையாக பர்மிங்காம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான்.

முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஊர் அங்கே இல்லை. பெயர் இருக்கிறது, மேலே புது வீடுகளும் தொழிற்சாலைகளும் மூடிவிட்டன. ஒரு காலத்தில் காதலித்த எல்ஸி கடையில் நிற்கிறாள், இவனை அடையாளம் தெரியவில்லை. பெரிய பெரிய மீன்கள் இருந்த மரத்தடிக் குளத்தில் தண்ணீரே இல்லை. குப்பை கொட்டும் பள்ளமாகி, பாதிக்குத் தகர டப்பா நிரம்பியிருக்கிறது. புதிதாக வாங்கிய தூண்டிலோடு போனவன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

அந்தக் குளத்தருகே அவன் நிற்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டுகிற வரைக்கும் திறக்கவில்லை. ஏன் இவ்வளவு வலித்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

என் கேள்வி இதுதான். வேலை, நகரம், அவசரம் எல்லாவற்றையும் விட்டு ஓட நினைக்கிற கதாபாத்திரங்களில் உங்கள் மனதில் தங்கியவர் யார்? அவர்களில் யாராவது போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா?

#2 பழைய_புத்தகம்

நல்ல இழை. தொடங்கியதற்கு நன்றி.

முப்பத்து மூன்று வருடம் வங்கியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, சங்கடமான பதில். போய்ச் சேர்ந்த ஒருவனை எனக்குத் தெரியும். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1898இல் எழுதிய 'நெல்லிக்காய்' கதையில் வருகிற நிக்கோலாய். (நம்மூர் நெல்லி வேறு. குளிர்நாட்டில் முட்செடியில் காய்க்கிற புளிப்புப் பழம் அது. தமிழில் அப்படித்தான் பெயர்த்திருக்கிறார்கள்.)

நிக்கோலாய் 19 வயதிலிருந்து அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வருடக்கணக்காக ஒரே நாற்காலி, ஒரே காகிதம். அவனுக்கு ஒரே கனவு. கிராமத்தில் ஒரு பண்ணை, அதில் நெல்லிச் செடி. பத்திரிகையில் நிலம் விற்பனை விளம்பரங்களை மட்டும் படிப்பான். வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறான். அதுவும் போதாமல், பணத்துக்காக ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு அவளையும் அரைப்பட்டினி போடுகிறான். மூன்று வருடத்தில் அவள் செத்துப் போகிறாள். பிறகு நிலம் வாங்குகிறான். பக்கத்துத் தொழிற்சாலைகளால் ஆற்றுத் தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடுகிறது. அதனால் என்ன, இருபது செடி நடுகிறான். அண்ணன் பார்க்கப் போகிற அன்று முதல் காய்ப்பு தட்டில் வருகிறது. கல் மாதிரி இருக்கிறது, புளிக்கிறது. நிக்கோலாய் கண் கலங்கிச் சாப்பிடுகிறான். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்கிறான்.

நான் இதை முதலில் படித்தபோது எனக்கு 28 வயது. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். நிக்கோலாய் மேல் அருவருப்பு வந்தது. அறுபது வயதில் திரும்பப் படித்தபோது அந்த ராத்திரிக் காட்சி வேறு மாதிரி தெரிந்தது. வருடக்கணக்காக ஒரு மனுஷன் வாயில் வைத்துப் பார்க்காத ருசிக்காகவே உயிர் வாழ்ந்திருக்கிறான். பழம் இனிக்கவா போகிறது? அவன் நாக்கு எதைத் தின்றதோ அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்த மனைவியை நான் மறக்கவில்லை. அவன் தப்பித்ததற்கான கட்டணத்தைக் கட்டியவள் அவள்.

#3 மின்மினி

நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு. இங்கே அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பற்றிப் பேசலாமா தெரியவில்லை, பேசுகிறேன்.

ஜப்பானில் 'இசெகாய்' என்று ஒரு வகையே இருக்கிறது. இந்த உலகத்தில் செத்து இன்னொரு உலகத்தில் பிறப்பது. அதில் எத்தனை கதாநாயகர்கள் ஆபீஸ் ஊழியர்கள் என்று பாருங்கள். 'முந்நூறு வருடமாக ஸ்லைம் கொன்றேன்' என்று தலைப்பு தொடங்குகிற ஒரு கதை (ஸ்லைம் என்றால் கூழ் மாதிரி ஒரு குட்டி அரக்கப் பிராணி), 2021இல் அனிமேவாகவும் வந்தது. அதில் அஸுஸாவுக்கு 27 வயது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்தே செத்துப் போகிறாள். ஜப்பானியர்கள் அதற்கு 'கரோஷி' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், அதைத் தடுக்க 2014இல் சட்டமும் போட்டார்கள். அடுத்த பிறவிக்கு என்ன வேண்டும் என்று தேவதை கேட்கிறாள். அஸுஸா ராஜ்ஜியம் கேட்கவில்லை. சாகாமல், மெதுவாக, நிம்மதியாக வாழ வேண்டும் என்கிறாள். மலையில் ஒரு வீடு, தோட்டம், தினம் கொஞ்சம் ஸ்லைம் வேட்டை. முந்நூறு வருடத்தில் அந்தக் கொஞ்சம் கொஞ்சமே சேர்ந்து உலகத்திலேயே பலசாலி ஆகிவிடுகிறாள். அது வெளியே தெரிந்ததும் ஆள் மேல் ஆள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அவள் கேட்ட வரம். என் அக்காவும் சென்னையில் வேலை பார்க்கிறாள். வரம் கிடைத்தால் என்ன கேட்பாய் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கக் கூடாது" என்றாள்.

அப்புறம் கேம் ஒன்று. 'ஸ்டார்ட்யூ வேலி', 2016இல் வந்தது, எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து செய்தது. தொடக்கத்திலேயே நாம் ஒரு பெரிய கம்பெனியின் சின்னத் தடுப்பறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். மேஜை டிராயரில் தாத்தா கொடுத்த கடிதம், இந்தக் கால வாழ்க்கை தாங்க முடியாமல் போகும்போது பிரிக்கச் சொன்னது. பிரித்தால் தாத்தாவின் பழைய பண்ணை நமக்கு. நான் செமஸ்டர் சமயத்தில் இதைத்தான் விளையாடினேன். பத்து நாள் ஆனதும் என்ன செய்தேன் தெரியுமா? எந்தப் பயிர் எத்தனை நாளில் எவ்வளவு தரும் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். ராத்திரி இரண்டு மணி ஆனால் அந்த ஆள் மயங்கி விழுந்துவிடுவான், அதுவரைக்கும் அவனை ஓட ஓட வேலை வாங்கினேன். ஒருநாள் எனக்கே திடுக்கென்றது. கம்பெனியிலிருந்து தப்பித்து வந்தவனுக்கு நானே முதலாளி ஆகிவிட்டேன்.

#4 செந்நெல்

திருவாரூர் மாவட்டம். ஆறு ஏக்கர். எல்லாப் பதிவையும் படித்தேன், அருமையாக எழுதுகிறீர்கள். கோபத்தில் எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

ஏன் எல்லாரும் வயலுக்கே ஓடி வருகிறீர்கள்?

நிஜமாகக் கேட்கிறேன். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்று மே மாதமே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். திறந்தால் கடைமடைக்கு எப்போது வரும். வந்தால் ஆள் கிடைக்குமா. குறுவை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்ததா என்று பார்த்து, கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைக்குக் காவல் படுப்போம். என் திரையிலும் சிவப்பு எரியும் தம்பி. அது வானிலைச் செயலி.

உங்கள் கதைகளில் வருகிற கிராமத்தில் எல்லாரும் வந்து இறங்குகிறார்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிறவனுக்கு ஓடத் தோன்றாதா? என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூர், மீதிப் பேர் சிங்கப்பூர். அவர்களும் தப்பித்துப் போனவர்கள்தான். அவர்களைப் பற்றி இந்த மாதிரி ஆசையாக யாரும் எழுதுவதில்லை. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' படித்திருப்பீர்கள். வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிற சிதம்பரம் வனத்தை வாங்குகிறான். மனநிம்மதிக்கா வாங்கினான்? கொளுத்திவிட்டுக் கரும்பாலை வைக்க. ஊருக்குத் திரும்பி வருகிறவன் கையில் என்ன கொண்டு வருகிறான் என்று பார்க்க எனக்கு அந்த நாவல்தான் கற்றுக் கொடுத்தது.

#5 இரவுப்பணி

செந்நெல் ஐயா, இரண்டு தடவை படித்தேன். பதில் சொல்ல வார்த்தை சரியாக அமையவில்லை, முயற்சி செய்கிறேன்.

பௌலிங் ஒன்றும் விவசாயம் பார்க்கப் போகவில்லை. ஊர்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவன் கவலைப்படவும் இல்லை. அவன் அப்பாவே அந்த ஊரில் விதை, தானியக் கடை வைத்திருந்து, பெரிய கடைக்காரர்கள் வந்ததும் நொடித்துப் போனவர். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் வாழ்க்கை கஷ்டம்தான் என்று அவனே சொல்கிறான். இருந்தும் ஏங்குகிறான். அப்படியானால் அவன் ஏங்குவது இடத்துக்கு இல்லை என்று நினைக்கிறேன். நாளைக்கு என்ன ஆகும் என்கிற பயம் மண்டைக்குள் ஓடாமல், ஒரு மத்தியானம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடிந்த அந்த உடம்புக்கு. 1939இல் அது வெளிவந்தது, சில மாதத்தில் போர் தொடங்கிவிட்டது. புத்தகம் முழுக்கவே குண்டு விழப்போகிறது என்கிற பயம்.

ஆனால் நீங்கள் கேட்டது சரி. ஏற்கெனவே அங்கே இருக்கிறவரின் ஓட்டத்தை நான் யோசிக்கவே இல்லை.

#6 மதுரைக்காரி

இந்த நேரம் வரைக்கும் வந்த பெயர்களைப் பாருங்கள். பௌலிங், நிக்கோலாய், சிதம்பரம். அஸுஸா ஒருத்தி இருக்கிறாள், அவளும் செத்த பிறகுதான் தப்பிக்க முடிந்தது.

நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒரு சொல்லைச் சொல்கிறேன். "ஓடிப் போய்விட்டான்." கேட்டதும் என்ன தோன்றுகிறது? பட்டாளத்துக்குப் போனான், பம்பாய்க்கு ரயில் ஏறினான், சினிமாவில் சேரப் போனான், சாமியாராகிவிட்டான். "ஓடிப் போய்விட்டாள்." உடனே வருகிற கேள்வி ஒன்றே ஒன்று. யாரோடு? பெண் தனக்காக, தனியாக, சும்மா மூச்சு வாங்க ஓடுவதற்கு நம்மிடம் ஒரு வினைச்சொல் இல்லை. சொல்லே இல்லாத இடத்தில் கதை எப்படி வரும்?

எனக்கு மறக்க முடியாதவள் புதுமைப்பித்தனின் செல்லம்மாள். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நகரத்துக்குள் வாடகை கட்ட வழியில்லாமல் வெளியே தள்ளி ஒரு வீடு. காலையில் போனால் இரவுதான் திரும்புவார். செல்லம்மாள் பகலெல்லாம் தனியாக, நோயோடு. அவளுக்கும் ஊருக்கு ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும் என்ற ஆசை. பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. ஊர் மண்ணும் ஊர்ச் சாப்பாடும். போகவே இல்லை. செத்துப் போகிறாள், அவரே வெந்நீர் போட்டு உடம்பைக் குளிப்பாட்டுகிறார். நகர வாழ்க்கையின் நெருக்கடி பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த வீட்டுக்குள் ஒரு நாள் ஒரு ராத்திரி நடப்பதைவிட அதிகமாக எனக்கு எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் நந்தா கவுல். அனிதா தேசாய் 1977இல் எழுதிய 'ஃபயர் ஆன் த மௌண்டன்'. கசௌலி மலையில் கரிக்னானோ என்ற வீட்டில் தனியாக இருக்கிற மூதாட்டி. துணைவேந்தரின் மனைவியாக வாழ்நாள் முழுக்க விருந்தாளி, பிள்ளை, பேரன் பேத்தி, சமையற்கட்டு, சலவைக் கணக்கு. இப்போது யாரும் வேண்டாம். தபால்காரர் மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தாலே எரிச்சல். படிக்கும்போது எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது. இதோ ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். கொள்ளுப்பேத்தி ராக்கா வந்து சேர்கிறாள், அவளுக்குத் தன் பழைய வாழ்க்கையைப் பற்றி அழகழகாகக் கதை சொல்கிறாள் நந்தா.

கடைசிப் பக்கங்களில் உண்மை உடைகிறது. சொன்னதெல்லாம் பொய். கணவருக்குக் காலம் முழுக்க வேறொரு பெண்ணோடு உறவு. கசௌலிக்கு வந்ததும் அவள் தேர்ந்தெடுத்து வந்தது இல்லை. வேறு போக்கிடம் இல்லாமல் கொண்டுவந்து விடப்பட்டவள். நான் பொறாமைப்பட்ட அந்தத் தனிமை அவளுக்கு மிச்சம் விடப்பட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

#7 தறி

மதுரைக்காரி அக்கா, அந்த வினைச்சொல் விஷயம் தலையில் அடித்த மாதிரி இருக்கிறது.

சின்னதாக ஒருவரைச் சேர்க்கிறேன். ஓடாமலேயே விலகியவன். மெல்வில் 1853இல் எழுதிய பார்ட்டில்பி. நியூயார்க் வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஆபீஸில் பத்திரம் நகல் எடுப்பவன். ஒருநாள் ஒரு வேலை சொல்கிறார்கள், செய்யாமலிருக்கவே விரும்புகிறேன் என்கிறான், பணிவாக. அப்புறம் எல்லா வேலைக்கும் அதே பதில். ஆபீஸை விட்டு வெளியேயும் போக மாட்டேன் என்கிறான். கடைசியில் முதலாளிதான் ஆபீஸைக் காலி செய்துகொண்டு ஓடுகிறார். அவனைச் சிறையில் போடுகிறார்கள், சாப்பிட மறுத்துச் செத்துப் போகிறான். அவனுக்குக் கிராமம் இல்லை, குளம் இல்லை, தாத்தா பண்ணை இல்லை. போக இடமே இல்லாதவன் எப்படித் தப்பிப்பான் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சோகமான பதில் கிடையாது.

#8 பழைய_புத்தகம்

மதுரைக்காரி அம்மா சொன்னதைப் படித்ததும் எனக்கு ஆர்.கே. நாராயண் ஞாபகத்துக்கு வந்தார். 1937இல் வந்த 'பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்'. சந்திரன் பி.ஏ. முடித்தவன், ஆசைப்பட்ட மாலதியைக் கட்ட முடியவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை. மதராஸ் போகிறான், தலையை மழித்துக் காவி கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஊர் ஊராகத் திரிகிறான். ஒரு கிராமத்தில் ஜனங்கள் நிஜச் சாமியார் என்று நம்பிப் பாலும் பழமும் கொண்டுவந்து வைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். அங்கேதான் அவனுக்கு உறைக்கிறது. உழைக்கிறவன் வீட்டுச் சோற்றைப் பொய் சொல்லித் தின்கிறோம் என்று. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுகிறான்.

வீடு திரும்பினால் அம்மா அப்பா சேர்த்துக்கொள்கிறார்கள். வேலை கிடைக்கிறது, கல்யாணமும் ஆகிறது. அதே எட்டு மாதம் மாலதி போய்விட்டுத் திரும்பியிருந்தால் அவர்கள் ஊரான மால்குடியில் எந்தக் கதவு திறந்திருக்கும்? அந்த நாவலை நான்கு தடவையாவது படித்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. என் மனைவியிடம் இப்போது சொன்னேன். "உங்களுக்கு இப்போதான் தெரியுதா" என்றாள்.

#9 மின்மினி

எல்லாரும் சேர்ந்து யாரும் போய்ச் சேரவில்லை என்ற முடிவுக்குப் போவது போல இருக்கிறது, எனக்கு அதில் சம்மதம் இல்லை. போய்ச் சேரவில்லை என்பதால் அந்த ஆசை பொய்யாகிவிடுமா? நாங்கள் இந்தக் கதைகளைப் பார்ப்பதைப் பெரியவர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று உணர்கிறவனை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். அஸுஸா செத்ததே அதை உணராமல் ஓடியதால்தான்.

'லிட்டில் ஃபாரஸ்ட்' பாருங்கள். இகராஷி டைசுகே வரைந்த ஜப்பானிய மாங்கா (சித்திரக்கதை), 2018இல் கொரியாவில் படமாக எடுத்தார்கள். ஹே-வோன் ஆசிரியர் தேர்வில் தோற்றவள், கூடப் படித்த காதலன் தேறிவிடுகிறான். பனிக்காலத்தில் ஊருக்குத் திரும்புகிறாள். அம்மாவும் அங்கே இல்லை. ஏன் வந்தாய் என்று தோழி கேட்டால், "பசித்தது" என்கிறாள். நகரத்தில் கடை டப்பா சாப்பாடு தின்று தின்று உண்மையிலேயே பசித்துப் போனவள். வந்ததும் பனியை விலக்கி முட்டைக்கோஸைப் பிடுங்கிச் சூப் வைக்கிறாள். செந்நெல் ஐயா, நீங்கள் இதைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஆசையாக இருக்கிறது.

#10 வாடாமல்லி

ஹான் காங்கின் 'த வெஜிடேரியன்' பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். 2007இல் கொரிய மொழியில் வந்தது, அவருக்கு 2024இல் நோபல். அதில் யோங்-ஹே இறைச்சியை விடுகிறாள், பிறகு சோற்றை விடுகிறாள், கடைசியில் மரமாகிவிட வேண்டும் என்கிறாள். எல்லாரும் அவளைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு மனதில் தங்கியவள் அவளுடைய அக்கா இன்-ஹே. அழகுசாதனக் கடை வைத்து, பிள்ளை வளர்த்து, தங்கையை மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறவள். ஒரு விடியற்காலை தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு அவளும் மலைப்பக்கம் நடந்து போகிறாள். பிறகு திரும்பி வந்துவிடுகிறாள். தங்கை எல்லையைத் தாண்டிப் போய்விட்டாள், தன்னை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அவளுக்கு மன்னிக்க முடியாத ஒரு வலி இருக்கும்.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நான்கு வருடத்தில் அந்த மூன்றாம் பாகத்தைப் பல தடவை படித்தேன். ஓடியவளுக்குப் புத்தகம் எழுதினார்கள். ஓடிவிட்டுப் பால் காய்ச்சத் திரும்பி வந்தவளையும் ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய துணை.

#11 செந்நெல்

தம்பி மின்மினி, நேற்று இரவு பார்த்தேன். மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். என் மகள் வரி வரியாகப் படித்துச் சொன்னாள்.

இந்தப் படத்துக்காரர்களுக்கு வயல் தெரியும். நான்கு பருவத்தையும் காத்திருந்து எடுத்திருக்கிறார்கள், ஒரே மாதத்தில் பச்சை காட்டி ஏமாற்றவில்லை. புயலடித்துச் சாய்ந்த கதிரை ஹே-வோன் நிமிர்த்துகிற இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். சாய்ந்த பயிரை நிமிர்த்திக் கட்டுவது எப்படி இருக்கும் என்று இடுப்புக்குத் தெரியும். ஜே-ஹா கம்பெனி வேலையை விட்டுத் திரும்பி வந்தவன், அவன் தோப்பில் ஆப்பிள் உதிர்ந்து கிடக்கும். அவன் அழவும் இல்லை, வசனம் பேசவும் இல்லை. சரி, நிஜம்.

வெங்காயத்தைப் பற்றி ஒரு இடம் வருகிறது. நாற்றங்காலில் விதைத்து வளர்த்து, பிறகு பிடுங்கி நிலையான இடத்தில் நடுகிறார்கள். அதற்கு அவர்கள் மொழியில் தனியாக ஒரு சொல் இருக்கிறது, இனி இடம் மாற்றாமல் நடுவது என்று அர்த்தமாம். இங்கே நாமும் நாற்றுப் பறித்துத்தானே நடுகிறோம். நட்ட முதல் ஒரு வாரம் பயிரைப் பார்த்தால் செத்த மாதிரி மஞ்சளடித்துக் கிடக்கும். புதிதாக நிலம் வாங்கியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து உரக்கடைக்கு ஓடுவார்கள். வேரைப் பிடுங்கியிருக்கிறோம், காயம் ஆற வேண்டும். தண்ணீரைக் கட்டி வைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். அப்புறம் தானாகப் பச்சை பிடிக்கும்.

என் முதல் பதிவில் ஏன் வயலுக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். இந்தப் பெண் வரலாம். வந்து வேலை செய்கிறாள், ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அப்புறம் திருப்பூருக்குப் போன என் நண்பனுக்கும் நேற்றே இணைப்பை அனுப்பினேன். அவன் எழுதியது, "எனக்கும் பசிச்சுதான்டா வந்தேன்." அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

#12 தறி

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' ஹென்றியைப் பற்றி எழுத வந்தேன். வளர்த்த அப்பாவின் ஊருக்கு வந்து, நிலபுலன் எதிலும் உரிமை கேட்காமல் பாழடைந்த அந்த வீடு மட்டும் போதும் என்பான். அவன் எதிலிருந்தும் தப்பித்து வந்ததாகத் தெரியாது. வந்தான், அவ்வளவுதான். அவனைப் பற்றித் தனி இழையே போடலாம், நாளை தொடங்குகிறேன்.

#13 இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றி. வார விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். திருநெல்வேலி.

மதுரைக்காரி அக்கா எழுதியதையும் வாடாமல்லி எழுதியதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அதிகம் படிக்க மாட்டாள். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பெண் என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது, பெயரில் தெரியாது. இந்த இழையைத் தொடங்கும்போது என் மனதில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்களாகவே இருந்தார்கள், அதை நானே கவனிக்கவில்லை.

"உனக்கு எங்கேயாவது போயிரணும்னு தோணியிருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வழியாகத் திரும்பி வருவாளாம். திருச்செந்தூர் வண்டி நிற்குமாம். ஜன்னலோரம் ஒரு சீட் தினமும் காலியாக இருக்குமாம். ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நான் வருவதற்குள் திரும்பிவிடலாமா என்று நின்று பார்ப்பாளாம்.

"ஏறலையா?"

"எங்கே ஏற. உலை வச்சிருப்பேன், உங்க ஆச்சி சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அதோடு பேச்சு முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அடுப்படிக்குள் போனவள் அங்கிருந்தே சொன்னாள்.

"பத்து நாப்பதுக்கு எடுப்பான். இப்பவும் அதே நேரந்தான்."